முதல் வெல்டிங் மேசை: எங்கே செலவழிக்க வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம்

கேள்வி இதுதான். சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கியாயிற்று. வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சிமெண்ட் தரையில் செங்கல் வைத்து அதன் மேல் வெல்டிங் பழகுகிறார் ஒரு தம்பி. முதுகு வலிக்கிறது, செய்கிற சட்டமெல்லாம் கோணிக்கொள்கிறது. 5,000 ரூபாய்க்குள் ஒரு மேசை வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய மர மேசை மேல் 3 மி.மீ. தகடு போட்டால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. ஆனால் 5,000 போதும்.

முதலில் அந்த மர மேசையை மறந்துவிடுங்கள். மேலே இரும்புத் தகடு இருந்தாலும் சூடு கீழே இறங்கும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் நமக்குத் தெரியாமல் மரம் கருகிக்கொண்டிருக்கும். வேலையை முடித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு அது பற்றிக்கொள்ளும். பட்டறைத் தீ நிறைய இப்படித்தான், எல்லோரும் போன பின்னால் பிடிக்கிறது.

அடுத்து 3 மி.மீ. தகடு. நானும் என் முதல் மேசையை அப்படித்தான் செய்தேன். நாலு கால், சுற்றிலும் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), மேலே தகட்டை வைத்து ஓரம் முழுக்க வெல்டிங் அடித்தேன். சூடு ஆறும்போதே தகடு நடுவில் தொப்பை போட்டுவிட்டது. கையால் அமுக்கினால் டப்பென்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதன் மேல் ஒரு ஜன்னல் கிரில் செய்தேன். மேசையில் இருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. சுவரில் பொருத்தப் போனால் மூன்று மூலை உட்கார்ந்தது, நாலாவது மூலை இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், தூக்கிக்கொண்டு நின்றது. என் கைதான் சரியில்லை என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிசகு கையில் இல்லை, மேசையில் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், வெல்டிங் மேசை என்பது பொருளை வைக்கிற இடம் மட்டும் இல்லை. மூலைமட்டம், ரசமட்டம் போல அதுவும் ஓர் அளவுகோல். மேல்தளம் சமமாக இருக்க வேண்டும். பொருளை மேசையோடு இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஓரத்தில் கடிக்க வேண்டும். தள்ளினால் நகரக் கூடாது. இந்த மூன்றில் கை வைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 3 அடிக்கு 2 அடி. இதைவிடச் சின்னதாக இருந்தால் ஒரு ஜன்னல் சட்டத்தைக்கூட வைக்க முடியாது. பெரிதாக இருந்தால் செலவும் எடையும் ஏறும், ஒருவர் நகர்த்த முடியாது. பிளேட் கனம் 8 மி.மீ. கட்டாயம் என்றால் 6 வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். 10 கிடைத்தால் அதிர்ஷ்டம், விடாதீர்கள்.

கடைக்குப் போகும் முன் எடைக் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் அங்கே எல்லாம் கிலோ கணக்குத்தான். ஒரு சதுர அடி இரும்பு, ஒரு மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 730 கிராம். 3-க்கு 2 என்றால் 6 சதுர அடி, 8 மி.மீ. கனத்துக்கு 35 கிலோ வரும். 6 மி.மீ. என்றால் 26 கிலோ, 10 என்றால் 44 கிலோ. காலுக்கும் சட்டத்துக்கும் 40-க்கு 40, 5 மி.மீ. ஆங்கிள் போதும். அது மீட்டருக்கு 3 கிலோ. நான் கீழே சொல்கிற மாதிரி செய்தால் மொத்தம் 27 அடி ஆங்கிள், அதாவது 25 கிலோ. ஆக மேசை 60 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரும்புக்கு 3,600. மீதியில் போல்ட் நட்டும் இரண்டு நல்ல ஜி கிளாம்பும் வாங்கிவிடலாம். உங்கள் ஊரில் அன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

புது பிளேட் வாங்கத் தேவையில்லை. கோவை உக்கடம் பக்கம் போல ஒவ்வொரு ஊரிலும் பழைய இரும்புக் கடைகள் வரிசையாக இருக்கும். சென்னைக்காரர்கள் காயலான் கடை என்பார்கள். அங்கே போங்கள். அல்லது பெரிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் கேளுங்கள், வெட்டி மிஞ்சின துண்டு பிளேட் சாய்த்து வைத்திருப்பார்கள். துரு இருந்தால் பரவாயில்லை, ஒயர் பிரஷ் போட்டால் போய்விடும். குழி குழியாக அரித்திருந்தால் வேண்டாம். வெட்டின விதத்தையும் பாருங்கள். கேஸ் கட்டிங் செய்த துண்டு என்றால் ஓரத்தில் கசடு ஒட்டியிருக்கும், சூட்டில் வளைந்தும் இருக்கலாம். ஷியரிங் மெஷினில் வெட்டினது என்றால் ஓரம் லேசாக மடங்கியிருக்கும். செக்கர் பிளேட், அதாவது மேலே பூப்போட்ட தகடு, இந்தக் கடைகளில் நிறையக் கிடக்கும். அதையும் வாங்கலாம், பூப்போட்ட பக்கத்தைக் கீழே திருப்பி, சட்டம் உட்காருகிற இடத்தில் மட்டும் கிரைண்டரால் பூவைத் தேய்த்துவிட வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். பிளேட் சமமா, முறுக்கியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். கண்ணால் பார்த்தால் எல்லாமே சமமாகத்தான் தெரியும். நான் கையில் கொஞ்சம் கொத்தனார் நூலும், ஒரே அளவு நட் ஐந்தும் எடுத்துக்கொண்டு போவேன். மூன்று நாலு செங்கல் மேல் பிளேட்டைப் படுக்க வையுங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொரு நட். எதிரெதிர் மூலைகளின் நட் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள், மற்ற இரண்டு மூலைக்கும் இன்னொரு நூல். நடுவில் இரண்டு நூலும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும். பிளேட் முறுக்கு இல்லாமல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கும். இடைவெளி தெரிந்தால் முறுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மேல் நூலைக் கீழாகவும் கீழ் நூலை மேலாகவும் மாற்றி இன்னொரு தடவை பாருங்கள். ஒரே தடவை பார்த்தால் ஒரு நூல் மற்றதைத் தூக்கிக்கொண்டு இருப்பது தெரியாமல் போய்விடும்.

ஐந்தாவது நட் எதற்கு? ஓரங்களிலும் நடுவிலும் நூலை இழுத்து, அதற்கடியில் அந்த நட்டை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நட் நூலைத் தூக்கினால் அந்த இடம் மேடு. நட்டுக்கும் நூலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். ஒரு மி.மீ. வரை பள்ளம் மேடு இருந்தால் பழகுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால் அடுத்த துண்டைப் பாருங்கள். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார். பத்து நிமிஷ வேலை, செய்யாமல் வராதீர்கள். ஒருமுறை முறுக்கின 8 மி.மீ. பிளேட்டை நம் பட்டறையில் நிமிர்த்துவது நடக்காத காரியம்.

காலுக்கு என்று கேட்டால், பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாய் மலிவாகத் தருகிறேன் என்பார்கள். வேண்டவே வேண்டாம். அதன் மேல் இருக்கிற துத்தநாகப் பூச்சு சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் மாதிரி வந்து ஆளைப் போட்டுவிடும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஒன்று மற்றதைத் தடுக்காது. பூச்சில்லாத கறுப்பு இரும்பாகவே வாங்குங்கள்.

சரி, இரும்பு வீட்டுக்கு வந்துவிட்டது. மேசை செய்ய முதலில் ஒரு சமமான தளம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? நீங்கள் வாங்கிவந்த பிளேட்தான் அது. அதைக் கவிழ்த்து, எது மேல்பக்கமாக வரவேண்டுமோ அதைக் கீழே வைத்து, தரையில் ஆறு செங்கல் மேல் ஆடாமல் படுக்க வையுங்கள். சட்டத்தை இதன் மேலேயே தலைகீழாகக் கட்டப்போகிறோம். தெறிக்கிற பொறியெல்லாம் அடிப்பக்கத்தில்தான் விழும், அது யார் கண்ணுக்கும் தெரியாது.

சட்டம் பிளேட்டை விடச் சின்னதாக இருக்க வேண்டும். சுற்றிலும் இரண்டரை அங்குலம் விட்டு, 31-க்கு 19 அங்குலம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதிதாகச் செய்கிற பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். சட்டத்தை ஓரத்தோடு ஓரமாக வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஜி கிளாம்ப் மாட்ட இடம் இருக்காது. ஆங்கிளின் மடிப்பு தடுத்துக்கொண்டு நிற்கும். கிளாம்ப் போட முடியாத மேசையில் வேலை கோணாமல் வராது. இரும்பு ஆறும்போது சுருங்கி இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது கிளாம்ப்தான்.

நாலு ஆங்கிளையும் பிளேட் மேல் வைத்து, கிளாம்பால் அமுக்கி, ஆங்கிளும் ஆங்கிளும் சேரும் மூலைக்கு ஒரு டேக், அதாவது புள்ளி மாதிரி ஒரு சின்ன வெல்டு, மட்டும் வையுங்கள். குறுக்குமூலை இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வந்தால் சதுரம் சரி. ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த மூலையைச் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளுங்கள். டேக் மட்டும் இருக்கும்வரை திருத்தலாம், முழு வெல்டிங் அடித்தபின் முடியாது. அப்புறம் நடுவில் ஒரு குறுக்கு ஆங்கிள். பிறகு முழு வெல்டிங். ஒரு மூலை அடித்தால் அடுத்தது எதிர்மூலை. ஒரே பக்கமாக வரிசையாக அடித்துக்கொண்டு போனால் சட்டம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். கை வைக்கிற சூடு வரும்வரை பொறுத்து அடுத்ததை அடியுங்கள்.

கால் 33 அங்குலம். நாலையும் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து டேக். வெல்டிங் அடித்த பக்கம் கால் சாயும் என்பதால் ஒரு பக்கம் டேக் வைத்ததும் எதிர்ப்பக்கமும் ஒன்று வைத்துவிடுங்கள். கீழே தரையிலிருந்து ஓர் ஆறு அங்குலம் விட்டு எச் வடிவத்தில் ஆங்கிள்: குறுகலான பக்கம் இரண்டிலும் ஒவ்வொன்று, அவற்றை இணைத்து நடுவில் ஒன்று. முன்னால் திறந்திருந்தால்தான் ஸ்டூல் போட்டுக் காலை உள்ளே விட்டு உட்கார முடியும். செங்குத்தான மூட்டை அடிக்க உங்களுக்கு இன்னும் கை வந்திருக்காது. வேண்டாம், சட்டத்தைப் புரட்டிப் புரட்டி வைத்து ஒவ்வொரு மூட்டையும் படுத்த வாக்கில் கொண்டுவந்து அடியுங்கள். 2.5 மி.மீ. 6013 ரக வெல்டிங் ராடு, 70-லிருந்து 90 ஆம்பியர். இதே மேசையில் முப்பது நாற்பது மூட்டு இருக்கும், அதுவே நல்ல பயிற்சி.

3.15 ராடு சீக்கிரம் நிரப்புமே என்று தோன்றும். ஆனால் அதற்கு நூறு ஆம்பியருக்கு மேல் வைக்க வேண்டும், அப்போது வீட்டு 16 ஆம்பியர் பிளக் அதன் எல்லையைத் தொடும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நிறுத்துங்கள். ராடையும் நனைந்த தரையில் வைக்காமல் டப்பாவில் மூடி வையுங்கள்.

பிளேட்டைச் சட்டத்தோடு எப்படிச் சேர்ப்பது? என் முதல் மேசையில் செய்த தவறு இங்கேதான். ஓரம் முழுக்க அடிக்காதீர்கள். ஆறு இடத்தில் ஓர் அங்குல நீளம் போதும், அதையும் எதிரெதிராக. இன்னும் நல்லது, சட்டத்தின் உள்பக்கம் நாலு ஓட்டைப் பட்டை வைத்து போல்ட் போடுவது. பத்து வருஷம் கழித்துப் பிளேட்டை மட்டும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அதற்கு முன் சட்டம் பிளேட்டில் எல்லா இடமும் உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு மூலையில் சந்து தெரிந்தால் கிளாம்பை இறுக்கிச் சந்தை மூடத்தான் கை போகும். அதைச் செய்தால் சட்டத்தின் முறுக்கு பிளேட்டுக்கு ஏறிவிடும், கடையில் நூல் பிடித்துப் பார்த்ததெல்லாம் வீண். சந்து எவ்வளவோ அவ்வளவு கனத்துக்குத் தகட்டுத் துண்டை உள்ளே சொருகி, அதோடு சேர்த்து அடியுங்கள்.

கால் நுனியில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பட்டை, அதில் 12 மி.மீ. நட், அதற்குள் போல்ட். போல்ட் தலைதான் பாதம். சிமெண்ட் தரை எங்குமே சமமாக இருக்காது; போல்ட்டைத் திருகி ரசமட்டம் பார்த்துக்கொள்ளலாம். நாலு காலும் தரையைத் தொட்டபின் மேலே மறுபடி அந்த நூலைப் பிடித்துப் பாருங்கள். ஒரு கால் அந்தரத்தில் இருந்தால்கூடக் கனமான மேசை மெல்ல முறுக்கிக்கொள்ளும்.

இப்படி எல்லாம் சேர்ந்து உயரம் 34 அங்குலம் வரும். சராசரி உயரமுள்ளவர் நின்று முழங்கையை மடக்கினால், அதற்குச் சில அங்குலம் கீழே இருக்கும். உங்கள் கைக்கு அளந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் தரையில் குந்தி உட்கார்ந்துதான் வேலை நடக்கிறது. இருபது வருஷம் கை பழகியவர்கள் அப்படியே கோடு போட்ட மாதிரி அடிப்பார்கள். புதிதாகப் பழகும்போது கை நடுங்கும். முழங்கை இரண்டையும் மேசை மேல் ஊன்றிப் பாருங்கள், ராடு நுனி ஆடுவது நன்றாகக் குறையும். ஆர்க் நீளத்தை, அதாவது ராடு நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளியை, மாறாமல் பிடித்து வைப்பதுதான் முதல் மாதப் பாடம், அதற்கு ஊன்றுகோல் இந்த மேசை.

மெஷினின் இன்னொரு ஒயர் நுனியில் இருக்கிற எர்த் கிளாம்பை மாட்ட, சட்டத்தின் ஒரு மூலையில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு பட்டைத் துண்டு வெல்டு செய்து, அதைப் பளபளவென்று தேய்த்து வையுங்கள். மேல்தளத்தில் கிளாம்பை மாட்டினால் எப்போதும் கையில் தட்டிக்கொண்டே இருக்கும். காலுக்கும் சட்டத்துக்கும் பெயிண்ட் அடிக்கலாம், இந்தப் பட்டைக்கும் மேல்தளத்துக்கும் அடிக்கக் கூடாது. போல்ட் முறையில் பிளேட்டைப் பொருத்தியிருந்தால் பட்டையைப் பிளேட்டின் அடியிலேயே வெல்டு செய்வது நல்லது. செய்கிற பொருள் துருவாகவோ பெயிண்டோடோ இருந்தால் கிளாம்பை நேராக அந்தப் பொருளிலேயே மாட்டுங்கள். இன்னொன்று, வெல்டிங் நடக்கும்போது கிரைண்டரையோ டிரில்லையோ மேசை மேல் பிளக்கோடு கிடத்தாதீர்கள். எர்த் கிளாம்ப் தளர்ந்திருந்தால் வெல்டிங் மின்னோட்டம் அந்தக் கருவியின் எர்த் ஒயர் வழியாகத் திரும்பப் பார்க்கும், ஒயர் எரிந்துவிடும்.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பொறி நினைப்பதைவிடத் தூரம் ஓடும். தீப்பாதுகாப்புக்காரர்கள் சுற்றிலும் 35 அடி தூரத்துக்குள் பற்றக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்கிறார்கள். வீட்டில் அவ்வளவு இடம் கிடைக்காது. வைக்கோல், அட்டைப்பெட்டி, பெட்ரோல் வண்டி இவற்றையாவது அப்புறப்படுத்துங்கள். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் வேண்டாம். முடித்தபின் அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். பருத்தி முழுக்கால்சட்டை, மூடின தோல் செருப்பு. மழையில் தரை நனைந்திருந்தால் அன்று வேலை இல்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வெளிச்சத்தை வேடிக்கை பார்க்க வருவார்கள், அந்தப் பக்கம் ஒரு தகரத் தடுப்பு கட்டாயம் வையுங்கள்.

8 மி.மீ. பிளேட் கிடைக்கவே இல்லை என்றால் சேனல், அதாவது 'ப' வடிவ இரும்பு, வாங்குங்கள். 75 மி.மீ. சேனல் மூன்றடித் துண்டு ஐந்து, முதுகு மேலே பார்க்க, நடுவில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு அடுக்கினால் அதே அளவு மேசை வரும். எடையும் பிளேட்டோடு ஏறக்குறைய ஒன்றுதான். வளையாது, எந்த இடைவெளியிலும் கிளாம்பை நுழைக்கலாம். சின்னத் துண்டுகள் கீழே விழுந்துவிடும், அது ஒன்றுதான் குறை. ஐந்தும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று அதே நூலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இந்த மாதம் ரொம்ப இறுக்கம் என்றால் பிளேட்டை மட்டும் வாங்கிவாருங்கள். ஹாலோ பிளாக் இரண்டு இரண்டாக அடுக்கி, சாந்து வைத்து, பதினாறு அங்குல உயரத்துக்கு இரண்டு குட்டைச் சுவர் எழுப்பி அதன் மேல் போடுங்கள். சின்ன மணை போட்டு உட்கார்ந்தால் கை சரியாக ஊன்றும். காலும் சட்டமும் அடுத்த மாதம் செய்துகொள்ளலாம்.

மேசை தயாரானபின் பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. தெறித்து ஒட்டின மணிகளை அன்றன்றைக்கே உளியைப் படுக்க வைத்துச் சுரண்டிவிடுங்கள், ஒரு மணி இருந்தாலும் அதன் மேல் வைக்கிற சட்டம் ஆடும். பொருளை மேசையோடு டேக் வைத்துப் பிடித்து வேலை செய்யலாம், தப்பில்லை; பிறகு ஃபிளாப் டிஸ்க்கால், அதாவது உப்புத்தாள் மடல்களை அடுக்கின கிரைண்டர் சக்கரத்தால், தடவி எடுங்கள். கிரைண்டிங் வீல் போட்டால் குழி விழுந்துவிடும். காந்த மூலைமட்டத்தை டேக் வைக்கும்வரைதான் வைத்திருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தால் டி.சி. ஆர்க் ஒரு பக்கமாகச் சாயும். வேலை இல்லாத நாளில் மேல்தளத்தை எண்ணெய்த் துணியால் ஒரு துடை. மறுநாள் தொடங்குமுன் அந்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு ராடைக் கையில் எடுங்கள்.